பூச்சியுண்ணும் செடிகளும் பூனை நாய்களும்

நகரத்துச் செடிக்கடைகளிலிருந்து கிராமத்து வீடுகளுக்கும் இந்நாளில் வந்து சேரும் அலங்காரச் செடிகளுள் பூச்சியுண்ணும் செடிகளும் இடம்பெற்றுவிட்டன. இலையை மூடி ஈயைப் பிடிக்கும் அமெரிக்க ஈப்பொறிச் செடியும், இலை நுனியில் கமண்டலம் போன்ற குடுவையைத் தொங்கவிடும் குடுவைச் செடியும் சிறுவர்களுக்கு வேடிக்கைப் பொருள்களே. ஆயினும், ஊனுண்ணும் செடி என்று பெயர் சொன்ன மாத்திரத்தில் வீட்டுப் பெரியோர் திடுக்கிடுகின்றனர். ஈயைத் தின்னும் செடி பூனைக்குட்டியின் மூக்கைக் கௌவாதா என்பது ஓர் ஐயம். அதன் இலையை நாய் மென்றுவிட்டால் விஷம் ஏறாதா என்பது மற்றோர் ஐயம். இவ்விரண்டும் வெவ்வேறானவையாதலால் தனித்தனியே ஆராயத்தக்கன.

ஈப்பொறிச் செடி வட கரோலினா, தென் கரோலினா ஆகிய அமெரிக்க மாநிலங்களின் ஈரமான மணற்பாங்கு நிலங்களுக்கே உரியது. அதன் பொறி இரண்டு மடல்களை உடையது. பெரும்பாலும் ஓர் அங்குல அளவே இருக்கும். மடலின் உட்புறத்துள்ள நுண்மயிர்களைச் சுமார் இருபது விநாடிக்குள் இருமுறை தீண்டினால் மடல்கள் சட்டென மூடிக்கொள்ளும். அப்பிடியில் ஓர் ஈ சிக்குமேயன்றி, குழந்தையின் விரலும் நில்லாது. பூனை தன் காலால் தட்டி விளையாடினால் நஷ்டம் செடிக்கே. இரையின்றிச் சில முறை மூடித் திறந்த பொறி பின்னர் வேலை செய்யாமற் கருகிப்போகும். குடுவைச் செடியோ அசைவதேயில்லை. வழுக்கும் விளிம்பில் வந்தமரும் பூச்சி உள்ளிருக்கும் நீரில் விழுந்து மடிந்து செரித்துப்போகின்றது. போர்னியோத் தீவின் கினபாலு மலையில் இரண்டு லிட்டருக்கு மேல் நீர் கொள்ளும் குடுவைகளையுடைய ஓர் இனம் உண்டு. அதனுள் எலி மடிந்து கிடக்கக் கண்டதும் உண்டு. வீட்டுத் தொட்டிகளுக்கு வருபவை அத்தகையன அல்ல. அவற்றின் குடுவை நீரை நாய் நக்கினாலும் தீங்கில்லை.

இவ்வச்சம் பரவியதற்குப் பத்திரிகைகளும் ஒரு காரணமாகும். மடகாஸ்கர் தீவில் மனிதரை விழுங்கும் மரமொன்று உண்டென 1874-ஆம் ஆண்டில் நியூயார்க் பத்திரிகை ஒன்று முழுக் கற்பனையை மெய்போல் வெளியிட்டது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே சார்லஸ் டார்வின் இச்செடிகளைப் பற்றிய தமது நூலை வெளியிட்டும், உலகம் மரத்தின் கதையையே அதிகமாக நம்பியது. நம் நாட்டில் மேகாலயத்துக் குன்றுகளில் வளரும் குடுவைச் செடிக்கும் காரோ மக்கள் பேயின் கூடை என்னும் பொருள்படவே பெயரிட்டிருக்கின்றனர். அது அருகிவரும் இனம். காட்டிலிருந்து பெயர்த்து விற்பவரிடம் அதை வாங்கலாகாது.

இனி, விஷத்தைப் பற்றியது. ஈப்பொறிச் செடியிலும் குடுவைச் செடியிலும் நாய்க்கோ பூனைக்கோ உயிர்ச்சேதம் விளைக்கத்தக்க விஷம் இருப்பதாக அறியப்படவில்லை. இலையை மிகுதியாகத் தின்ற பிராணி ஒரு முறை வாந்தியெடுக்கலாம், அல்லது கழியலாம். புல்லைத் தின்ற பூனையும் அவ்வாறே செய்கின்றது. நம் பக்கத்து ஈரமணலில் வளர்வதும், சிலரால் அழுகண்ணி என வழங்கப்படுவதுமாகிய பனித்துளிச் செடியில், கொடிவேலி வேரில் உள்ள அதே காரப்பொருள் சிறிதளவு காணப்படுகின்றது. இது வாயில் எரிச்சலை உண்டாக்கலாம். ஆயினும், அங்குல அளவேயுள்ள அச்செடியில் ஒரு நாயை வருத்தும் அளவுக்கு அது இராது.

இப்பனித்துளிச் செடியின் மீது இங்கிலாந்து நாட்டு மேய்ப்பர் சுமத்திய பழி, ஆடு வளர்ப்போர் அறியவேண்டிய ஒன்றாகும். செந்நிறமான இச்செடியைத் தின்ற ஆட்டின் ஈரல் அழுகிவிடும் என்பது அவர்தம் கொள்கை. அதனால் அதற்குச் செவ்வழுகல் என்னும் பெயரே ஏற்பட்டது. ஈக்களை ஒட்டிப் பிடிக்கும் பசையிலைச் செடியாகிய மற்றொன்றுக்கும் இதே பழி உண்டு. அவர்கள் கண்டது பொய்யன்று. அச்செடிகள் மிகுந்த சதுப்பில் மேய்ந்த ஆடுகள் மெய்யாகவே தாடை வீங்கி, மெலிந்து, மடிந்தன. 1879, 1880 ஆகிய ஆண்டுகளில் மழை மிகுந்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ முப்பது லட்சம் ஆடுகள் இந்நோயால் அழிந்தன. அதன் பின்னர் ஆக்ஸ்போர்டில் தாமஸ் என்பவரும், ஜெர்மனியில் லாய்க்கார்ட் என்பவரும் தனித்தனியே ஆராய்ந்து உண்மையை வெளிப்படுத்தினர். ஆட்டின் ஈரலில் வாழும் தட்டைப்புழுவின் முட்டை சாணத்தோடு வெளிப்பட்டு, நீரிற் பொரிந்து, ஒரு சிறு நத்தையின் உடலிற் புகுந்து வளர்ந்து, பின்னர்ப் புல்லில் ஒட்டிக்கொண்டு மீண்டும் ஆட்டின் வயிற்றை அடைகின்றது. நத்தைக்கும் பனித்துளிச் செடிக்கும் ஒரே ஈரநிலம் உகந்தது என்பதைத் தவிர, செடிக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. செடியைப் பிடுங்கி எறிந்த மேய்ப்பன் ஆட்டைக் காக்கவில்லை. நீரை வடித்தவனே காத்தான். நம் ஏரிக்கரை மேய்ச்சலிலும் ஈரல் தட்டைப்புழு உண்டு. இதன் இனம் வேறாயினும் நத்தையின் வழியாகவே இதுவும் பரவுகின்றது.

வீட்டுப் பிராணிகள் விஷயத்திலும் இத்தகைய பிழையே நேர்கின்றது. பெயரால் அஞ்சப்படும் செடி ஜன்னலுக்கு வெளியே தள்ளப்படுகின்றது. வாயிலில் அரளி பூத்து நிற்கின்றது. அரளியின் எல்லாப் பாகமும் இருதயத்தைத் தாக்கும் விஷமுடையது. அதன் உலர்ந்த சருகும் மாட்டுக்கு ஆகாது. செங்காந்தளின் கிழங்கையும் விதையையும் தின்ற நாய்க்கு வாந்தியும் உதிரப்பேதியும் கண்டு உயிருக்கே ஆபத்து நேரும். கண்வலிக்கிழங்கு பயிரிடுவோர் விதைக்கிழங்கை நாய் தோண்டாத இடத்தில் வைத்தல் அவசியம். சைக்கஸ் செடியின் கொட்டை நாயின் ஈரலைக் கெடுக்கும். மலைத்தோட்டங்களிலிருந்து வரும் லில்லிப் பூவோ பூனைக்கு மட்டும் கொடிய விஷமாகும். இலையைத் தின்ன வேண்டுவதில்லை. மேலே உதிர்ந்த மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சில நாட்களில் சிறுநீரகம் செயலற்றுப்போகும். பூனையுள்ள வீட்டில் அப்பூவை வைக்காதிருப்பதே முறை.

செடியைக் காட்டிலும் தொட்டியில் இடப்படுவதைக் கவனித்தல் வேண்டும். ஆமணக்குப் பிண்ணாக்கையும் எலும்புத் தூளையும் கலந்து ரோஜாவுக்கு இடுவது வழக்கம். எலும்பின் வாசனைக்கு வந்து அதைத் தோண்டித் தின்னும் நாய் ஆமணக்கின் விஷத்தால் மடிவதுண்டு. நத்தைக்கென வைக்கும் மருந்துக் குருணையும் நாய்க்கு வலிப்பை உண்டாக்கும். பூச்சியுண்ணும் செடிக்கு இவற்றுள் எதுவும் வேண்டுவதில்லை. உரமிட்டால் அதன் வேர் கெடும். மருந்து தெளித்தாலோ அதற்குரிய இரையே இல்லாமற்போகும். மழைநீரும் வெயிலும் போதும். தொட்டியிலுள்ள பாசியை மட்டும் நாய்க்குட்டி பிடுங்கி விழுங்காதவாறு பார்த்துக்கொள்ளல் வேண்டும். மிகுதியாக விழுங்கினால் குடல் அடைபடக்கூடும்.

பிராணி எச்செடியையேனும் தின்று வாந்தியெடுத்தாலும், தள்ளாடினாலும், வாயில் நுரை தள்ளினாலும், உப்புநீர் புகட்டி மேலும் வாந்தியெடுக்கச் செய்தல் பெருந்தவறு; அவ்வுப்பே அதைக் கொல்லக்கூடும். எண்ணெயும் புகட்டலாகாது. வாயில் ஒட்டியுள்ளதைத் துடைத்து, தின்ற செடியின் ஒரு கொத்தை இலையும் காயுமாக எடுத்துக்கொண்டு, தின்ற நேரத்தையும் குறித்துக்கொண்டு, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் சேர்த்தல் வேண்டும். லில்லியைத் தீண்டிய பூனையாயின், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராமல் அன்றே கொண்டு செல்லல் வேண்டும். பதினெட்டு மணி நேரம் கடந்தபின் தொடங்கும் சிகிச்சை பெரும்பாலும் பலிப்பதில்லை.