செப்டிக் டேங்க்: திணறும் செல்கள்

முதலில் ஒருவர் இறங்குகிறார். சற்று நேரத்தில் அவரிடமிருந்து சத்தமில்லை. அவரைத் தூக்க இன்னொருவர் இறங்குகிறார். அவரும் மேலே வருவதில்லை. டெல்லி, மும்பை, சூரத் என்று ஊர்தான் மாறுகிறது. செப்டிக் டேங்க் மரணச் செய்திகள் பலவும் இப்படித்தான் இருக்கின்றன. 'விஷவாயு தாக்கி பலி' என்று பத்திரிகைகள் முடித்துக்கொள்ளும் இந்தச் சாவு, மனித உடலின் ஒவ்வொரு செல்லிலும் நிகழ்கிறது.

மூக்கால் இழுக்கும் மூச்சு பாதி வேலைதான். மீதி நடப்பது செல்லுக்குள். அங்கே குளுக்கோஸ் படிப்படியாக உடைகிறது. விடுபடும் ஆற்றல் ஏ.டி.பி. என்ற மூலக்கூறுகளில் சேர்கிறது. ஆக்ஸிஜன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து சுமார் 30 ஏ.டி.பி. கிடைக்கும். இல்லாவிட்டால் வெறும் 2. வேகமாக ஓடும்போது தசைகள் இந்தக் குறைந்த வரவிலும் கொஞ்ச நேரம் சமாளிக்கும். மூளைக்கு அது கட்டுப்படியாகாது.

மூடிய தொட்டிக்குள் நிலைமை வேறு. அங்குள்ள ஆக்ஸிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. பிறகு காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்களின் ராஜ்யம். இவற்றில் ஒரு வகை, ஆக்ஸிஜனுக்குப் பதிலாக சல்ஃபேட்டைக் கொண்டு சுவாசிக்கிறது. நம் செல்களில் ஆக்ஸிஜன் கடைசியில் தண்ணீராகிறது. இவற்றிடம் சல்ஃபேட், ஹைட்ரஜன் சல்ஃபைடாகிறது. அழுகிய முட்டை நாற்றம் கொண்ட, காற்றைவிடக் கனமான வாயு. சகதியைக் கிளறியதும் குபீரென்று கிளம்பும்.

உள்ளே போன இந்த வாயு, செல்லில் ஆக்ஸிஜனைக் கையாளும் கடைசி என்ஸைமை முடக்குகிறது. சயனைடு செய்வதும் இதே வேலைதான். ரத்தத்தில் ஆக்ஸிஜன் இருந்தும் செல்லுக்குப் பயனில்லை. 30 வந்த இடத்தில் 2. மூச்சை இயக்கும் மூளைப் பகுதி ஓய்ந்துவிடுகிறது. அடர்த்தி மிக அதிகமென்றால் ஒன்றிரண்டு மூச்சே போதும்.

நாற்றம் எச்சரிக்காதா? அடர்த்தி கூடினால் இந்த வாயு முகரும் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றதும் ஆபத்து நீங்கியதாக நினைப்பவர் ஏமாறுவார். முகத்தில் கட்டிய துண்டு வாயுவைத் தடுக்காது. விளக்கை இறக்கிப் பார்க்கும் வழக்கமும் உதவாது. விஷவாயு இருந்தாலும் விளக்கு எரியலாம். மீத்தேன் சேர்ந்திருந்தால் வெடித்தே விடலாம்.

பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் ஆட்களை இறக்குவதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்ச ரூபாய் தர 2014-ல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. நஷ்டஈடு உயர்ந்த பிறகும் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள்.

தொட்டியைக் காலிசெய்ய உறிஞ்சும் லாரிகள் இருக்கின்றன. உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், காற்று சிலிண்டரும் முகக்கவசமும் இல்லாத யாரும் பின்னால் இறங்கக் கூடாது. உடனே தீயணைப்புப் படையை அழைக்க வேண்டும். இரண்டாவது உயிரையாவது அது காப்பாற்றும்.