அலை எவ்வளவு உயரம்?

வில்லியனூரை மையமாக வைத்துப் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் தொடங்கும் வேலையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் இறங்கியது. மக்களுக்கு என்ன தெரியவேண்டியிருக்கிறது என்று முதலில் ஊர் ஊராகப் போய்க் கேட்டார்கள். நெல் விலை, பயிர் நோய், அரசு உதவித் திட்டங்கள் என்று ஊருக்கு ஊர் பதில் மாறியது. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு, கடலில் அலை எவ்வளவு உயரம் எழும் என்று தெரியவேண்டும்.

அந்தத் தகவல் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில், ஆங்கில வரைபடமாகக் கிடந்தது. வில்லியனூரில் அதை இறக்கித் தமிழாக்கி அனுப்பினார்கள். வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வலை பின்னுகிறவர் எழுந்து கணினி முன் வரவேண்டியதில்லை, காதில் விழுந்தால் போதும். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை இன்னொரு மீனவ ஊரான நல்லவாடு முழுக்கக் கொண்டுசேர்த்ததும் அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கிதான். சுனாமி வருமுன் மக்கள் வெளியேறியிருந்தார்கள்.

இணையதள வடிவமைப்பிலும் ஆகப் பெரிய பங்கு, என்ன தெரியவேண்டும் என்று மக்களிடம் முதலில் போய்க் கேட்கும் இந்த வேலைதான் என்பது என் உறுதியான எண்ணம். நிறமும் படமும் அதற்குப் பிறகு.

பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் வாங்கவேண்டிய ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். என்னென்ன தாள், எவ்வளவு கட்டணம், எத்தனை மணிவரை? செல்போனில் பக்கம் திறந்தவுடன் இவை மூன்றும் கண்ணில் படவேண்டும். வரவேற்புரையும் அலுவலக வரலாறும் கீழே இருக்கட்டும். அறிவிப்பைப் படமாக ஒட்டினால் தேடலில் அகப்படாமல் போகலாம்; பார்வையற்றவரின் செல்போனும் அதைச் சரியாக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. எழுத்தாகவே போடவேண்டும். வெயிலில் நின்று படிப்பவர்களும் உண்டு: எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 இருக்கவேண்டும் என்கிறது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் அணுகல் நெறிமுறை.

செய்த பக்கம் சரியா என்று பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஐந்து பேர் போதும் என்று 2000இல் இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் எழுதினார். பெரும்பாலான குறைகள் அவர்களிடமே தெரிந்துவிடும். சந்தைக்கு வந்தவர், கல்லூரி மாணவி, மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர் என்று கலந்து அழையுங்கள். செல்போனைக் கையில் கொடுத்து, "சான்றிதழுக்கு என்ன கொண்டுபோகணும்னு பாருங்க" என்று மட்டும் சொல்லுங்கள். வழிகாட்டாதீர்கள். விரல் எங்கே தயங்குகிறது, எந்தச் சொல்லில் நெற்றி சுருங்குகிறது என்று குறித்துக்கொண்டு, அந்த இடங்களைத் திருத்துங்கள். பிறகு வேறு ஐந்து பேரை அழையுங்கள்.