டிவிடெண்ட் வாங்காவிட்டால் பங்கே போய்விடுமா?

சோடா உப்பு கம்பெனி, உரக் கம்பெனி, சாயக் கம்பெனி. எனக்கு வரும் கடிதங்களில் அடிபடுவதெல்லாம் இவைதான். அப்பாவோ மாமாவோ எண்பதுகளில் வாங்கி பீரோவில் வைத்த காகிதப் பங்குகள். கம்பெனி டிவிடெண்ட் அறிவித்ததாகப் பேப்பரில் வருகிறது, வீட்டுக்கு ஒன்றும் வருவதில்லை. ‘2025 நவம்பர் 6-ம் தேதியோடு எல்லாம் போய்விட்டதாமே?’ என்று கேட்கிறார்கள்.

போகவில்லை. முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதி ஆணையம் 2025 ஜூலை 28-ல் தொடங்கிய ‘சக்ஷம் நிவேஷக்’ என்ற நூறு நாள் பிரசாரம் முடிந்த நாள் அது. அன்று முடிந்தது பிரசாரம்தான், உங்கள் உரிமை அல்ல. கவலைப்பட வேண்டிய கெடு வேறு.

2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 124-வது பிரிவைப் பாருங்கள். அறிவித்த டிவிடெண்டை 30 நாளில் யாரும் வாங்காவிட்டால் அது தனிக் கணக்குக்குப் போகும். அங்கே ஏழு ஆண்டு கிடந்தால் அந்த ஆணையம் நடத்தும் அரசு நிதிக்கு. இதுவரை சரி. அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: தொடர்ந்து ஏழு ஆண்டு டிவிடெண்ட் வாங்கப்படவில்லை என்றால், பணத்தோடு பங்கும் சேர்ந்து போகும். முட்டை எடுக்க வரவில்லை என்று கோழியையே பிடித்துக்கொள்வது மாதிரி. இதற்குப் பெயர் ‘பாதுகாப்பு’.

இதோடு பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதியைச் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 2024 ஏப்ரல் 1 முதல், காகிதப் பங்கு வைத்திருப்பவர் பான், செல்போன் எண், வங்கிக் கணக்கு, மாதிரிக் கையெழுத்து கொடுத்திருந்தால்தான் டிவிடெண்ட். அதுவும் நேரே வங்கிக் கணக்குக்கு மட்டும். தபாலில் வந்துகொண்டிருந்த டிவிடெண்ட் வாரண்ட் நின்றது இதனால்தான். நிறுத்திவைத்த பணம் எங்கே போகிறது? அதே ‘வாங்கப்படாத’ கணக்குக்கு. கொடுக்காதே என்கிறது ஒரு விதி, ஏன் வாங்கவில்லை என்கிறது இன்னொன்று. 2024-ல் நின்றவர்களுக்கு 2031-ல் ஏழு ஆண்டு நிறையும்.

பங்கை நிதிக்கு மாற்ற மூன்று மாதம் முன்பே நோட்டீஸ் அனுப்புகிறோமே என்பார்கள் கம்பெனிக்காரர்கள். பதிவேட்டில் இருக்கும் முகவரிக்குத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு எழுதிய ஒருவரின் தந்தை அந்த வாடகை வீட்டைக் காலி செய்தே முப்பது வருடமாகிறதாம்.

தப்பிக்க வழி அதே பிரிவின் விளக்கத்தில் இருக்கிறது. அந்த ஏழு ஆண்டில் ஏதாவது ஒரு ஆண்டின் டிவிடெண்டை வாங்கியிருந்தால் போதும், பங்கைத் தொட முடியாது. எந்த விளம்பரத்திலும் இதைக் கொட்டை எழுத்தில் நான் பார்த்ததில்லை. அதற்கு, கம்பெனியின் பங்குப் பதிவாளர் நிறுவனத்துக்கு செபி கேட்கும் விவரங்களோடு ஐ.எஸ்.ஆர்-1 படிவம் அனுப்புங்கள். கையெழுத்து மாறியிருந்தால் ஐ.எஸ்.ஆர்-2, அதில் வங்கி மேலாளரின் சான்று வேண்டும்.

பங்கு ஏற்கெனவே நிதிக்குப் போய்விட்டதா? திரும்பக் கேட்கலாம், காலக்கெடு இல்லை. ‘எளிய நடைமுறை’ என்கிறது ஆணையம். முதலில் கம்பெனியிடம் உரிமைக் கடிதம், பிறகு இணையத்தில் ஐ.இ.பி.எஃப்-5 படிவம், பிறகு காகிதக் கட்டு மறுபடி கம்பெனிக்கு, அவர்கள் சரிபார்த்து ஆணையத்துக்கு. ஒரு கம்பெனிக்கு நிதியாண்டில் ஒரு மனுதான். இதற்கிடையே வரும் டிவிடெண்டும் நிதிக்கே போகும். இதுதான் எளிமையாம்.

மற்ற கேள்விகள்:

110 சதவீத டிவிடெண்டா? முக மதிப்பில்தான் சதவீதம். 2024-25க்கு டாடா கெமிக்கல்ஸ் தந்தது 10 ரூபாய்ப் பங்குக்கு 11 ரூபாய், சந்தை விலையோடு ஒப்பிட்டால் சொற்பம்.

வருடா வருடம் நிச்சயமா? இல்லை, அமெரிக்காவின் டவ் நிறுவனமே 2025 ஜூலையில் காலாண்டு டிவிடெண்டை 70 சென்டிலிருந்து 35 சென்டாக்கியது.

வரி? ஒரு கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். பான் இல்லாவிட்டால் 20.

அப்பா காலமாகிவிட்டார்? பங்கு முதலில் வாரிசு பெயருக்கு மாற வேண்டும், டிவிடெண்ட் அதற்குப் பிறகுதான்.

2016-ம் ஆண்டு வாரண்ட் ஒன்று இருக்கிறது, வங்கியில் போடலாமா? செல்லாது, அந்தப் பணம் 2023-லேயே நிதிக்குப் போயிருக்கும். கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எல்லாப் படிவமும் கேட்கிற ஃபோலியோ எண் அதில்தான் இருக்கிறது.