தனித்திருந்து எழுதும் தொழில்

கிணற்றுக்கு ஒரு மோட்டார் பம்பு வாங்கினால் அதனுடன் சிறு கையேடு ஒன்றும் வருகின்றது. பம்பினுள் நீர் ஊற்றி நிரப்பாமல் ஓட்டினால், உள்ளேயுள்ள சீல் சூடேறிக் கெட்டுவிடும். ஆகவே, நீரை நிரப்பச் சொல்லும் வாக்கியம், விசையைப் போடச் சொல்லும் வாக்கியத்திற்கு முன்னே நிற்றல் வேண்டும். முறை மாறினால் உழவர் ஒருவரின் பொருள் பாழாகும். மருந்துப் பொறிக்கு எழுதிய கையேடாயின் உயிருக்கே ஊறு நேரலாம். இவ்வகை நூல்களை எழுதுவதையே தொழிலாகக் கொண்டோர் இன்று பலர் உளர். 1949-இல் அமெரிக்காவில் பைனாக் என்னும் கணிப்பொறிக்கு ஜோசப் சாப்ளின் என்பார் எழுதிய கையேடு இத்துறையின் தொடக்கநிலை முயற்சிகளுள் ஒன்று.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தொழிலுக்குச் செல்லக்கூடும். அதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எழுதும்போது பத்துப் படிகளை ஒருசேர மனத்தில் தாங்க வேண்டியிருக்கின்றது. ஒருவர் வந்து தோளைத் தொட்டால் அவையனைத்தும் சிதறும். மீண்டும் கோக்கக் கால் மணி நேரமாவது ஆகும். எனவே கதவை அடைத்துக்கொள்ளத் தோன்றும். ஆனால் எழுத வேண்டிய செய்தியோ கதவுக்கு வெளியே, பொறியைச் செய்தவரிடமும் அதனைக் கையாளுவோரிடமும் இருக்கின்றது. அன்றியும், பகல் முழுதும் எவரோடும் பேசாதவனுக்கு உள்ளம் வாடுகின்றது. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது வீட்டிலிருந்தே பணிபுரிந்தோர் பலர் இதனை நன்கு அறிவர்.

இச்சிக்கலின் இரு முனைகளையும் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் வரலாற்றில் தெளிவாகக் காணலாம். அதன் தொடக்கக் காலப் பதிப்பாசிரியருள் ஒருவரான பர்னிவல், நண்பர் கூட்டத்தை விட்டு ஒருபொழுதும் இருக்கமாட்டாதவர். 1864-இல் பழைய ஆங்கில நூல்களை அச்சிட ஒரு கழகம், 1868-இல் சாசர் பெயரால் மற்றொரு கழகம், பிற்காலத்தில் படகோட்டும் சங்கம் ஒன்று என நிறுவிக்கொண்டே இருந்தார். அகராதி வேலையோ தளர்ந்தது. சொற்களுக்கு மேற்கோள் எழுதிய துண்டுச் சீட்டுகள் ஊர் ஊராய்ச் சிதறிக் கிடந்தன. ஓர் எழுத்துக்குரிய கட்டு இத்தாலி நாட்டுப் பிளாரன்ஸ் நகரிலிருந்து மீட்கப்பட்டது. பின்னர் வந்து சேர்ந்த மூட்டை ஒன்றில் எலிகள் குடித்தனம் நடத்தின! எனினும் அவரைக் குறை கூறுவதோடு நின்றுவிடல் நேர்மையன்று. அவருடைய கழகங்கள் அச்சிட்ட நூல்கள் இல்லையேல், அகராதிக்கு வேண்டிய பழஞ்சொற்கள் பல கைக்கு எட்டியிரா.

1879-இல் இப்பொறுப்பை ஏற்ற ஜேம்ஸ் மர்ரே, மில்ஹில் என்னுமிடத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பள்ளித் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றை எழுப்பி, ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறு அறைகள் கொண்ட மரத்தட்டுகளை அதில் அமைத்து, சீட்டுகளை அகர வரிசைப்படுத்தினார். 1885-இல் ஆக்ஸ்போர்டில் குடியேறியபோதும் வீட்டுத் தோட்டத்தில் அத்தகைய கொட்டகையே அமைந்தது. அது தரைக்குள் சற்றே தாழ்ந்திருந்தமையால் ஈரமும் குளிரும் மிகுதி. குளிர்காலத்தில் அவர் மேலங்கியைக் கழற்றாமலே எழுதினார்.

இத்துணை அடைபட்டு இருந்தவர் தனியரா எனின், அல்லர். 1879-இலேயே நூல்களைப் படித்து மேற்கோள் அனுப்புமாறு பொதுமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். உலகின் பல மூலைகளிலிருந்தும் சீட்டுகள் வந்தன. ஐயம் தோன்றிய சொல்லைப் பற்றி அத்துறை வல்லுநருக்கே கடிதம் எழுதிக் கேட்டார். போக்குவரத்து மிகுந்தமையால் அஞ்சல் துறையார் அவர் வீட்டு முன்னரே ஒரு தபால் பெட்டியை நிறுத்தினர். அவருடைய பதினொரு மக்களும் வளர வளரச் சில்லறைக் காசு பெற்றுக்கொண்டு சீட்டுகளை வரிசைப்படுத்தினர். தந்தையோடு இருப்பதும் தந்தைக்கு உதவுவதும் அவ்வீட்டில் ஒன்றாகவே நிகழ்ந்தன.

அவருக்குத் துணைநின்றோருள் பிட்ஸ்எட்வர்டு ஹால் என்பார் ஒருவர். முன்னர்க் காசியில் வடமொழிப் பணி புரிந்த அமெரிக்கர்; பின்னர் உலகோடு மனம் கசந்து இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் ஒதுங்கி வாழ்ந்தார். அவர் 1901-இல் இறக்கும்வரை நாள்தோறும் பல மணி நேரம் அகராதியின் அச்சுப்படிகளைத் திருத்தி அனுப்பிவந்தார். அந்த முதியவருக்கு வாய்த்த கூட்டுறவு பெரும்பாலும் அதுவே என்று எண்ணுகின்றேன்.

மர்ரேயின் நிலைக்கும் நம் நிலைக்கும் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. தபால்காரர் குறித்த வேளைகளில்தான் வந்தார். இடைப்பட்ட நேரம் எழுத்துக்கு உரியதாயிற்று. இன்றோ கைப்பேசியில் செய்திகள் கணந்தோறும் வந்து ஒலிக்கின்றன. தபால் வேளையை நாமே வகுத்துக்கொள்ளல் வேண்டும். காலையில் மூன்று மணி நேரம் எழுத்து. அதனிடையே தோன்றும் ஐயங்களை ஒரு தாளில் குறித்து வைத்தல். நண்பகலுக்குமுன் பொறியாளரை நேரில் கண்டு அனைத்தையும் ஒரே தடவையில் கேட்டல் என்று பழகலாம். பள்ளிக்கூட மணி இதனைத்தான் செய்கின்றது. இடைவேளை மணி அடிக்கும் என்ற உறுதி இருப்பதாலேயே பிள்ளைகள் பாட வேளையில் அமைதியாக இருக்கின்றனர். (எல்லாப் பிள்ளைகளும் அல்லர், அது வேறு பேச்சு.) தொலைவிலிருந்து பணிபுரிவோர் ஐயம் இல்லாத நாளிலும் உடன் பணிபுரிவோர் ஒருவரோடு சிறிது நேரம் பேசுதல் நலம். வேலையைப் பற்றியே பேச வேண்டுமென்பதில்லை.

கையேட்டை எழுதி முடித்தபின் மற்றொருவர் துணை கட்டாயம் தேவை. அந்தப் பொறியை முன்பு தொட்டறியாத ஒருவரிடம் அதனைக் கொடுத்து, படித்தபடி இயக்கச் சொல்லி, அருகில் நின்று பார்க்க வேண்டும். எந்த வரியில் அவர் கை தயங்குகின்றதோ அந்த வரியைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். பொறிக்கோ ஆளுக்கோ தீங்கு நேருமெனில் மட்டுமே தடுக்கலாம். மற்றபடி வாய் திறந்து விளக்கினால் சோதனை கெட்டுவிடும். தேநீரும் பேச்சும் அதன்பின் ஆகட்டும்.