வங்கக் கடல் புயலும் இமயத்தின் முதல் பனியும்

ஐப்பசி பிறந்தால் சென்னைவாசிகளின் கவனம் வங்கக் கடல் பக்கம் திரும்பிவிடும். காற்றழுத்தத் தாழ்வு எங்கே கரையைக் கடக்கும் என்பதே மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் பேச்சாக இருக்கும். புயல் ஆந்திரத்துக்கு நகர்ந்துவிட்டது என்று அறிந்ததும் நிம்மதி அடைகிறோம். ஆனால், ஆயுத பூஜை, தீபாவளி விடுமுறைகளில் இமயமலை ஏறச் சென்ற பிள்ளைகளின் பெற்றோர், அந்தப் புயலை அதன் பிறகும் கவனிக்க வேண்டும் என்பேன்.

2014 அக்டோபர் 12-இல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது ஹூட்ஹூட் புயல். வலுவிழந்த அதன் எச்சம் வடக்கே சென்று, இரண்டே நாள்களில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதியில் பெரும்பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரமுள்ள தொரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறங்களிலும் பனிப்புயலாலும் பனிச்சரிவாலும் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வானம் தெளிந்திருக்கும் மாதம் என்று நம்பி மலையேறுவோர் திரளும் காலம் அது.

பருவத்தின் முதல் பனி குறைவாகத்தானே இருக்கும், அதில் என்ன ஆபத்து என்று தோன்றலாம். குறைவாக இருப்பதே ஆபத்துக்குக் காரணமாகிறது. தரையில் கோடையின் வெப்பம் எஞ்சியிருக்கும். மேலே காற்று உறையும் குளிரில் இருக்கும். மெல்லிய பனிப்படலத்தின் வழியே நீராவி மேலெழும்போது, அடியிலுள்ள பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சர்க்கரைப் பரல்களைப்போல் ஆகிவிடுகின்றன. அதன்மேல் புதுப்பனி கனமாக விழுந்து, காற்றால் இறுகிப் பலகைபோல் படிகிறது. ரவையைப் பரப்பி அதன்மேல் சாய்வாகக் கருங்கல் பலகையை வைத்தாற்போன்ற நிலை இது. ஒரு மனிதரின் எடையே அப்பலகை முறிந்து சரியப் போதுமானது. இத்தகைய சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைமுகங்களில் நிகழ்கின்றன. ஏறுவதற்கு வசதியாகத் தோன்றும் சாய்வும் ஏறக்குறைய அதுவே.

பயிற்சி பெற்றோருக்கும் இதிலிருந்து விலக்கு இல்லை. 2022 அக்டோபர் 4-இல் உத்தரகண்டின் திரௌபதி கா டண்டா-2 சிகரத்தில், உத்தரகாசி நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு பனிச்சரிவில் சிக்கி 29 பேர் பலியாயினர். அவ்வாண்டு மே மாதத்தில் எவரெஸ்ட், மகாலு சிகரங்களை 16 நாள்களுக்குள் எட்டிய பயிற்றுநர் சவிதா கன்ஸ்வாலும் அவர்களுள் ஒருவர்.

பனியில் புதைந்தவர்களை முதல் பத்துப் பதினைந்து நிமிடங்களுக்குள் தோண்டியெடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கின்றனர். அரை மணி நேரம் கடந்தால் அந்த வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க இயலாது. உடன் செல்வோரே மீட்பர். ஆகவே, பனிச்சரிவுப் பாதையில் செல்லும் ஒவ்வொருவரிடமும் இருப்பிடம் காட்டும் அலைபரப்பிக் கருவி, துழாவும் நீள்கோல், மண்வாரி ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் உள்ளன. பாதையில் செங்குத்தான பனிச்சாய்வுகள் உண்டா? சண்டீகரிலுள்ள பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனம் விடுக்கும் பனிச்சரிவு எச்சரிக்கைகளைக் கவனிக்கிறார்களா? பெரும்பனி பெய்தால் குறைந்தது இரண்டு நாள்கள் காத்திருப்பார்களா? திரும்ப நேர்ந்தால் கட்டணம் என்னவாகும்? இந்தக் கடைசிக் கேள்வியை அற்பமென்று ஒதுக்க வேண்டாம். கட்டிய பணமும் எடுத்த விடுப்பும் வீணாகுமே என்ற தயக்கம், திரும்ப வேண்டிய இடத்திலும் கால்களை முன்னே தள்ளும். சிகரம் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.