ஒலிபெருக்கிகளின் அறைத் துலங்கல் அளவீடு

அறைத் துலங்கல் அளவீடு என்பது, ஓர் அறையில் ஒலிபெருக்கி இயங்கும்போது, கேட்பவர் அமரும் இடத்தில் ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் ஒலி எந்த மட்டத்தில் வந்து சேர்கிறது என்பதை அளந்து வரைபடமாகக் காட்டுவதாகும். கிடை அச்சில் 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண்ணும், செங்குத்து அச்சில் டெசிபெல் அலகில் ஒலி அழுத்த மட்டமும் குறிக்கப்படும். இவ்வரைபடம் ஒலிபெருக்கியின் இயல்பை மட்டும் காட்டுவதில்லை. ஒலிபெருக்கி, அறை, ஒலிவாங்கி இருக்கும் இடம் ஆகிய மூன்றும் சேர்ந்த விளைவையே காட்டுகிறது. ஒரு மேடோ பள்ளமோ எதனால் உண்டானது என்று பிரித்தறியாமல் திருத்த முற்பட்டால், நல்ல ஒலிபெருக்கியின் ஒலியும் கெட்டுவிடும்.

அளக்கும் முறை

தாழ்ந்த அதிர்வெண்ணில் தொடங்கி உயர்ந்துகொண்டே செல்லும் சைன் அலை ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்யப்படுகிறது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒலியை ஏற்கும், அளவு திருத்தம் செய்யப்பட்ட ஒலிவாங்கி அதைப் பதிவு செய்கிறது. கணினி மென்பொருள் அப்பதிவைப் பகுத்து வரைபடமாக்குகிறது. 'ரூம் ஈக்யூ விசார்ட்' இதற்குப் பரவலாகப் பயன்படும் இலவச மென்பொருளாகும். இடது, வலது ஒலிபெருக்கிகளைத் தனித்தனியே அளப்பது நல்லது. இரண்டும் சேர்ந்து ஒலித்தால் அவற்றின் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டு, உயர் அதிர்வெண்களில் புதிய பள்ளங்களை உண்டாக்கும்.

தாழ் அதிர்வெண்கள்: அறையின் பங்கு

காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 343 மீட்டர். எனவே 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 7 மீட்டர். இது அறையின் அளவோடு ஒப்பிடத்தக்கது என்பதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே நிலை அலைகள் தோன்றுகின்றன. ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையேயுள்ள தொலைவின் இருமடங்கால் வகுத்தால் முதல் ஒத்ததிர்வு அதிர்வெண் கிடைக்கும். 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையில் இவை முறையே சுமார் 34, 43, 57 ஹெர்ட்ஸ் ஆகும்.

நிலை அலையின் அழுத்தம் சுவரருகே மிகுந்திருக்கும். முதல் ஒத்ததிர்வில் அறையின் நடுவே மிகக் குறைந்திருக்கும். ஆகவே மேற்கண்ட அறையின் நீளவாக்கில் நடுவே ஒலிவாங்கியை வைத்தால் 34 ஹெர்ட்ஸில் பள்ளம் தெரியும். பின்சுவரருகே வைத்தால் அதே அதிர்வெண்ணில் மேடு தெரியும். மாறியது இடம் மட்டுமே, ஒலிபெருக்கி மாறவில்லை.

ஒலிபெருக்கிக்குப் பின்னாலுள்ள சுவரும் பள்ளத்தை உண்டாக்கும். சுவர் 1 மீட்டர் பின்னால் இருந்தால், அதில் பட்டுத் திரும்பும் ஒலி 2 மீட்டர் கூடுதலாகப் பயணிக்கிறது. அத்தொலைவு அரை அலைநீளத்திற்குச் சமமாகும் 86 ஹெர்ட்ஸில், நேரடி ஒலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று பெருமளவு நீக்கிக்கொள்ளும். ஒலிபெருக்கியை நகர்த்தினால் பள்ளமும் நகரும்.

எல்லை அதிர்வெண்

அறையின் ஆதிக்கம் எதுவரை என்பதை மதிப்பிட, ஜெர்மானிய இயற்பியலாளர் மன்ஃபிரெட் ஷ்ரோடரின் பெயரால் வழங்கும் சூத்திரம் உதவுகிறது. எதிர்முழக்க நேரத்தை (நொடியில்) அறையின் கன அளவால் (கன மீட்டரில்) வகுத்து, வர்க்கமூலம் கண்டு, 2000 ஆல் பெருக்க வேண்டும். எடுத்துக்காட்டு அறையின் கன அளவு 60 கன மீட்டர். எதிர்முழக்க நேரம் 0.4 நொடி எனில் விடை சுமார் 163 ஹெர்ட்ஸ். இது கூர்மையான கோடன்று. வீட்டு அறைகளில் 200 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை அறையின் தாக்கம் வலுவாகத் தெரிவதுண்டு.

உயர் அதிர்வெண்கள்: ஒலிபெருக்கியின் பங்கு

ஒலிபெருக்கி தாழ் அதிர்வெண்களை எல்லாத் திசைகளிலும் பரப்புகிறது. உயர் அதிர்வெண்களைப் பெரும்பாலும் முன்னோக்கியே செலுத்துகிறது. திரைச்சீலை, மெத்தை போன்றவை உயர் அதிர்வெண்களை உறிஞ்சவும் செய்கின்றன. எனவே எதிரொலியற்ற ஆய்வறையில் சமமான துலங்கல் காட்டும் ஒலிபெருக்கி, வீட்டில் வலப்புறம் மெல்லச் சரியும் கோட்டையே தரும். இச்சரிவு குறையன்று. அதைச் சமமாக்க உயர் அதிர்வெண்களைக் கூட்டினால் ஒலி காதைக் குத்தும்.

கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980களில் நடத்திய சோதனைகளில், எந்த ஒலிபெருக்கி ஒலிக்கிறது என்பதை அறியாமலேயே மக்கள் கேட்டு மதிப்பிட்டனர். நேர்த்திசையில் சமமான துலங்கலும், பக்கவாட்டில் சீரான துலங்கலும் கொண்டவற்றையே பெரும்பாலோர் விரும்பினர்.

காதும் ஒலிவாங்கியும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. முதலில் வரும் நேரடி ஒலிக்கு மூளை முதன்மை தருவதை ஹெல்முட் ஹாஸ் 1951இல் வெளியான ஆய்வில் விளக்கினார். ஒலிவாங்கியோ எல்லாவற்றையும் கூட்டிப் பதிகிறது. அதனால் வரைபடத்தில் சீப்புப் பற்கள்போலத் தெரியும் குறுகிய பள்ளங்கள் பல, காதுக்குப் பெரிதாகப் புலப்படுவதில்லை.

வரைபடத்தின் தோற்றம்

ஒரே அளவீடு, வரையும் விதத்தால் வேறாகத் தோன்றலாம். ஒரு ஸ்தாயி என்பது அதிர்வெண் இரட்டிப்பாகும் இடைவெளி. மூன்றில் ஒரு ஸ்தாயி அளவுக்குச் சராசரி கண்டு மென்மையாக்கினால் கூரிய மேடுகள் மறைந்துவிடும். செங்குத்து அச்சு 50 டெசிபெல்லுக்குப் பதில் 100 டெசிபெல் பரப்பைக் காட்டினால் மேடுபள்ளங்கள் பாதியாகத் தெரியும். இரு வரைபடங்களை ஒப்பிடுமுன் இவ்விரண்டும் ஒத்துள்ளனவா எனப் பார்க்க வேண்டும்.

திருத்தும் முறை

1. அமருமிடத்தைச் சுற்றிப் பல புள்ளிகளில் அளந்து சராசரி காண வேண்டும். எல்லாப் புள்ளிகளிலும் தோன்றுவதே பொருட்படுத்தத்தக்கது.
2. முதலில் ஒலிபெருக்கியையும் இருக்கையையும் நகர்த்திப் பார்க்க வேண்டும். இதற்குச் செலவில்லை.
3. எல்லை அதிர்வெண்ணுக்குக் கீழுள்ள மேடுகளை ஈக்வலைசர் கொண்டு குறைக்கலாம்.
4. அலைகள் நீக்கிக்கொள்வதால் வரும் பள்ளத்தை உயர்த்தி நிரப்ப முயலக்கூடாது. நேரடி ஒலியோடு எதிரொலியும் கூடுவதால் பள்ளம் அப்படியே இருக்கும். 10 டெசிபெல் உயர்த்தப் பெருக்கி 10 மடங்கு திறனை வழங்க வேண்டும். அச்சுமை ஒலிபெருக்கியைச் சேதப்படுத்தக்கூடும்.
5. எல்லைக்கு மேலே திருத்தும் முன், அந்த ஒலிபெருக்கியின் எதிரொலியற்ற அறை அளவீட்டோடு ஒப்பிட வேண்டும். அதிலும் அதே குறை இருந்தால் மட்டுமே அது ஒலிபெருக்கியின் குறையாகும்.