பெயரைத் தேடும் அறிவியல்

1977-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரவு, பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குப் பறந்துகொண்டிருந்த மலேசிய விமானம் ஒன்று நடுவானில் கடத்தப்பட்டது. சிங்கப்பூரை நோக்கித் திரும்பிய அவ்விமானம், ஜொகூர் மாநிலத்தின் தஞ்சோங் கூப்பாங் பகுதியில் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த 100 பேரும் உயிரிழந்தனர். விமானத்தைக் கடத்தியவர் யார் என்பது இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை. சிதைந்த உடல்கள் யாருடையவை என்று பிரித்தறியவும் இயலவில்லை. எனவே, அவை ஜொகூர் பாருவில் ஒரே இடத்தில் நல்லடக்கம் செய்யப்பட்டன.

குற்றம் நடந்த இடத்தில் கிடைக்கும் தடயங்களை அறிவியல் முறையில் ஆராயும் துறையே தடயவியல் ஆகும். ‘இவர் யார்?’ என்ற கேள்விக்கு விடை காண்பது அதன் முதன்மையான பணிகளுள் ஒன்று.

1880-களில், பாரிசைச் சேர்ந்த அல்போன்ஸ் பெர்டில்லோன் குற்றவாளிகளின் தலை, கை, கால் ஆகியவற்றை அளந்து பதிவு செய்தார். ஆனால், அளப்பவரின் கவனக்குறைவால் அளவு மாறக்கூடும். இருவரின் அளவுகள் ஏறத்தாழ ஒத்திருக்கவும் கூடும். கைரேகையில் இக்குறை இல்லை. அது ஆளுக்கு ஆள் வேறுபடும். வாழ்நாள் முழுவதும் மாறாது. ஆயினும், ஆயிரக்கணக்கான ரேகைகளுள் ஒன்றை எப்படித் தேடி எடுப்பது? இச்சிக்கலைத் தீர்க்கும் வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் ஆகிய இந்தியக் காவல் அதிகாரிகளுக்குப் பெரும் பங்குண்டு. 1897-இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. எனினும், அம்முறை அவர்களின் மேலதிகாரியான எட்வர்டு ஹென்றியின் பெயராலேயே இன்றும் வழங்குகிறது.

விரலே கிடைக்காவிட்டால் கைரேகையும் உதவாது. இதற்கான விடை, தஞ்சோங் கூப்பாங் துயரம் நிகழ்ந்து ஏழு ஆண்டுகளுக்குப் பின்னர் கிடைத்தது. 1984-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ், மரபணுவைக் கொண்டு ஒருவரை அடையாளம் காணும் முறையைக் கண்டறிந்தார். ஒரு துளி இரத்தமோ சிறு எலும்புத் துண்டோ இதற்குப் போதுமானது. பிள்ளைகளின் மரபணுவில் பாதி தாயிடமிருந்தும் பாதி தந்தையிடமிருந்தும் வருவதால், உறவினரின் மரபணுவுடன் ஒப்பிட்டும் ஒருவரை அறியலாம்.

இம்முறை பயன்பட்ட முதல் கொலை வழக்கு குறிப்பிடத்தக்கது. குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த 17 வயது இளைஞர் ஒருவர் குற்றமற்றவர் என்பதை மரபணுச் சோதனை முதலில் காட்டியது. அதன் பின்னரே உண்மைக் குற்றவாளி சிக்கினான், 1988-இல் தண்டிக்கப்பட்டான். தடயவியல் குற்றவாளியைப் பிடிப்பதோடு நிரபராதியையும் காக்கிறது என்பதற்கு இவ்வழக்கு சான்றாகும்.

மலேசியாவில் 2009-ஆம் ஆண்டு மரபணு அடையாளச் சட்டம் இயற்றப்பட்டது. காவல் துறையின் விசாரணைக்கு உதவும் மரபணுத் தரவு வங்கிக்கு அது வழிவகுத்தது.

2014-ஆம் ஆண்டு ஜூலை 17-இல் எம்.எச்.17 விமானம் கிழக்கு உக்ரேனில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, 298 பேர் மாண்டனர். நெதர்லாந்தில் மரபணு, கைரேகை, பல் பதிவு ஆகியவற்றை ஒப்பிட்டு 296 பேர் அடையாளம் காணப்பட்டனர். உயிரிழந்த 43 மலேசியர்களும் அவர்களுள் அடங்குவர். ஆகஸ்டு 22-இல் முதல் 20 பேரின் உடல்கள் தாயகம் வந்தன. ஒவ்வொருவரும் அவரவர் பெயருடன் குடும்பத்தாரிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

1977-இல் ஜொகூரில் துயருற்ற குடும்பங்களுக்கு அந்த ஆறுதல் கிட்டவில்லை. இழந்த உயிரை அறிவியலால் மீட்க முடியாது. ஆனால், அந்த உயிருக்குரிய பெயரை மீட்டுத்தர முடியும்.